தூணைப் பார்க்க எவ்வளவு?

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: அடுக்குமாடிக் குடியிருப்புகளின் உறுதித்தன்மை ஆய்வுக்குக் கட்டண அட்டவணை வெளியிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,



ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் இருந்தால் அதற்கு உரிமம் வேண்டும். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின்தூக்கிகள் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆய்வாளர் வந்து பார்க்கிறார், உரிமம் புதுப்பிக்கப்படுகிறது, அதற்கான கட்டணம் விதிகளிலேயே இருக்கிறது. சங்கச் செயலாளர் யாரிடமும் பேரம் பேச வேண்டியதில்லை. அந்த லிஃப்ட் ஏறி இறங்குகிற கட்டடத்தின் தூண்களையும் உத்தரங்களையும் தளங்களையும் பார்த்துச் சொல்ல எவ்வளவு ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். நாலில் எது நியாயம் என்று தெரிந்துகொள்ள, கட்டடக் கலை அறியாத ஒரு குடியிருப்போர் சங்கத்துக்கு வழியே இல்லை.

இந்த ஒரு குறையைப் பற்றித்தான் இந்த மடல். கேட்பதற்குச் சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால் பழைய அடுக்ககங்கள் பலவற்றில் ஆய்வு நடக்காமல் தள்ளிப்போவதும், நடந்த ஆய்வை யாரும் நம்பாமல் போவதும் இந்தக் கட்டணக் குழப்பத்தில்தான் தொடங்குகின்றன. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், வீட்டுவசதி வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆகிய மூன்றும் உங்கள் துறையின் கீழ் வருவதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

சென்னையில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தனி வீடுகளை இடித்து ஃபிளாட் கட்டும் பழக்கம் வேகம் பிடித்தது. கீழே கார் நிறுத்த ஸ்டில்ட், மேலே மூன்று மாடி, மொத்தம் எட்டோ பன்னிரண்டோ வீடுகள். இந்த அச்சில் வார்த்த கட்டடங்களுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. கட்டியவர் எங்கே இருக்கிறார் என்றே பல இடங்களில் தெரியாது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டியவரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. ஐந்து ஆண்டு தாண்டிவிட்டால் பொறுப்பு முழுதும் வீட்டுக்காரர்கள் தலையில். அந்தச் சட்டமே 2016-இல்தான் வந்தது. அதற்கு முன் கட்டி முடித்த கட்டடங்களில் குடியிருப்பவர்களுக்கு அந்த ஐந்து ஆண்டுப் பாதுகாப்பும் கிடையாது.

கட்டடம் எச்சரிக்காமல் விழுவது அபூர்வம். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் சரிந்து மண்ணோடு மண்ணானது. விரிசலைக் கண்டு பயந்த மக்கள் முன்னதாகவே வெளியேறியதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த விரிசலைப் படித்தது அங்கே குடியிருந்தவர்களின் கண். அதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பொறியாளரின் கண் படித்திருக்க வேண்டும். 2024 டிசம்பரில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடு இடிந்து விழுந்து ஓர் இளைஞர் உயிரிழந்தார். முழுக் கட்டடமும் விழ வேண்டியதில்லை. இரண்டடி அகல சன்ஷேடு போதும்.

இரும்புக் கம்பி துருப்பிடிப்பது எப்படித் தெரியும் என்பதை, எங்கள் பகுதியின் ஒரு ஸ்டில்ட் பார்க்கிங்கில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். தூணின் கீழ் மூலையில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு, மயிரிழைபோல நேர்க்கோட்டில் ஒரு விரிசல். அது உள்ளே இருக்கும் நெடுக்குக் கம்பியின் தடம். விரலால் தட்டினால் மற்ற இடங்களில் கெட்டியான ஓசை, அந்த மூலையில் மட்டும் வெற்று ஓசை. சங்கத்தில் இரண்டு முறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பொறியாளர் ஒருவர் உளியால் மெல்லத் தட்ட, உள்ளங்கை அளவு காங்கிரீட் பெயர்ந்து வந்தது. உள்ளே கம்பி பழுப்பு நிறத்தில் ஏடு ஏடாக உரிந்தது. புதிதாக உடைந்த அந்த முகத்தில் ஃபினால்ஃப்தலின் கரைசலைத் தெளித்தார். ஆரோக்கியமான காங்கிரீட் அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறும். இங்கே வெளிப்பக்கத்திலிருந்து கம்பியைத் தாண்டி உள்ளே வரை நிறமே வரவில்லை. கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை அந்த ஆழம் வரை போய்விட்டது என்று பொருள்.

துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த இடத்துக்காக அது காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர், பட்டினப்பாக்கம், திருவொற்றியூர் என்று கடலோரம் நெடுக உப்புக் காற்று இந்த வேலையை விரைவுபடுத்துகிறது. ஃபிளாட்டுகளில் இன்னொரு எதிரி குளியலறை. குழாய் பதிக்கத் தாழ்த்திப் போட்ட தளத்தில் மேல்வீட்டுத் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் தேங்க, கீழ்வீட்டுக் கூரையில் கம்பி துருப்பிடிக்கும். கீழ்வீட்டுக்காரர் ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துக்கொள்வார். ஒரு ஃபிளாட்டை மட்டும் பார்ப்பதில் பயனில்லாமல் போவது இதனால்தான். வீடு வாங்க வருபவர் தான் வாங்கும் நாலு சுவரைப் பார்க்கிறார். ஆபத்து மொட்டைமாடித் தொட்டியின் அடியிலும், ஸ்டில்ட் தூணிலும், பக்கத்து வீட்டுக் குளியலறையிலும் இருக்கிறது. பல வீடுகள் கொண்ட கட்டடத்தை ஆய்வு செய்வது மொத்தமாகச் செய்ய வேண்டிய வேலை. கட்டணமும் மொத்தமாகவே நிர்ணயிக்கப்பட வேண்டும்.

இப்போது சந்தையில் கட்டணம் எப்படிக் கேட்கப்படுகிறது என்று பார்ப்போம். ஒரு சங்கம் ஆய்வுக்கு விலைப்புள்ளி கேட்டால் பொதுவாக மூன்று வகைப் பதில் வரும்.

முதல் வகை, சதுர அடிக்கு இவ்வளவு. கட்டடத்தின் மொத்தப் பரப்பைப் பெருக்கிச் சொல்லிவிடலாம், எளிது. ஆனால் பரப்புக்கும் உழைப்புக்கும் நேர் உறவு கிடையாது. புதிதாகக் கட்டிய, வரைபடம் பத்திரமாக உள்ள 20,000 சதுர அடிக் கட்டடத்தை ஒரு நாளில் பார்த்துவிடலாம். வரைபடமே இல்லாத, மூன்று முறை குழாய் மாற்றிய, மொட்டைமாடியில் அனுமதியின்றி அறை எழுப்பிய 8,000 சதுர அடிக் கட்டடத்துக்கு மூன்று நாள் வேண்டும். பரப்பை வைத்துக் கூலி கொடுத்தால், அதிகம் பார்க்க வேண்டிய கட்டடத்துக்குக் குறைவாகவும், குறைவாகப் பார்த்தால் போதும் என்கிற கட்டடத்துக்கு அதிகமாகவும் கொடுப்போம்.

இரண்டாம் வகை, சான்றுக்கு இவ்வளவு. இதுதான் மிக மலிவானது. வங்கிக் கடனுக்கோ வேறு அலுவலகத் தேவைக்கோ ஒரு தாள் வேண்டும் என்று கேட்டால், வாசலில் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு போய், ‘கட்டடம் நல்ல நிலையில் உள்ளது’ என்று முத்திரை குத்திக் கொடுப்பார்கள். கையெழுத்துப் போடுபவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் வாங்கும் தொகையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிட முடியாது. கட்டணம் எவ்வளவு நேரத்தை வாங்குகிறதோ அவ்வளவுதான் ஆய்வு.

மூன்றாம் வகை, இலவசம். ‘ஆய்வு நாங்களே செய்து தருகிறோம், மராமத்து வேலையை எங்களுக்குக் கொடுங்கள்.’ நோயைச் சொல்லும் வைத்தியரே மருந்துக்கடையும் வைத்திருந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகிறது. ஒட்டுப்போட்டால் சரியாகும் இடத்தில் தூணுக்கே உறையிட வேண்டும் என்பார்கள். சில நேரம் தலைகீழாக, தங்களால் செய்ய முடியாத ஆழமான பழுதைச் சொல்லாமல் விட்டு, மேல்பூச்சு வேலையைப் பெரிதாக்குவார்கள். சங்கக் கூட்டத்தில் ஒருவர் ‘இது கொள்ளை’ என்பார், இன்னொருவர் ‘உயிர் முக்கியம்’ என்பார். இரண்டு பேரும் அவரவர் அளவில் சரிதான். தீர்ப்புச் சொல்லச் சார்பற்ற அறிக்கை கையில் இருக்காது. கூட்டம் கலையும், தூண் அப்படியே நிற்கும்.

இந்த மூன்றுக்கும் மாற்றாக நான் முன்வைப்பது ஒன்றே ஒன்று. கட்டணம், பார்க்கும் நேரத்துக்கும் செய்யும் சோதனைக்கும் உரியதாக இருக்கட்டும். கட்டடத்தின் விலைக்கோ, பழுதின் மதிப்புக்கோ, சான்றில் எழுதப்படும் முடிவுக்கோ அதில் இடம் வேண்டாம். அந்த நேரத்தின் குறைந்தபட்ச அளவை அரசு எழுதி வெளியிடட்டும்.

ஆய்வை இரண்டு கட்டமாகப் பிரித்தால் இது எளிதாகிவிடும். முதற்கட்டம் கண்ணால் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, அளப்பது, படம் எடுப்பது, பழைய வரைபடங்களைப் படிப்பது. பெரும்பாலான கட்டடங்களுக்கு இதுவே போதும். இதில் சந்தேகம் எழும் இடங்களில் மட்டும் இரண்டாம் கட்டம். காங்கிரீட்டின் மேல்தோல் கடினத்தைக் காட்டும் ரீபவுண்ட் ஹேமர், உள்ளே ஒலி அலை செல்லும் வேகத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சோதனை, கம்பியில் துரு ஓடுகிறதா என்று மின்னழுத்தத்தால் அறியும் ஹாஃப் செல் சோதனை, காங்கிரீட்டைக் குடைந்து உருளையாக எடுத்து நசுக்கிப் பார்க்கும் கோர் சோதனை என்று இவற்றுக்குத் தனித்தனிக் கருவி, தனித்தனிச் செலவு. ஆகவே தனித்தனிக் கட்டணம்.

சோதனையின் எண்ணிக்கையை எழுதாமல் கட்டணம் மட்டும் எழுதினால் ஏமாற்றுக்கு வழி திறக்கும். ரீபவுண்ட் ஹேமரை மட்டும் பத்து இடத்தில் அழுத்திவிட்டு ‘விஞ்ஞான ஆய்வு’ என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கருவி சொல்லும் வலிமை 25 விழுக்காடு வரை மேலேயோ கீழேயோ இருக்கலாம் என்று 1992-இல் வந்த இந்தியத் தரநிலை 13311-இன் இரண்டாம் பகுதியே எச்சரித்திருக்கிறது. கோர் சோதனைக்கு இந்தியத் தரநிலை 456 குறைந்தது மூன்று உருளைகள் கேட்கிறது. அந்தக் காங்கிரீட்டுக்குக் குறித்த வலிமையில், சராசரி 85 விழுக்காட்டுக்கும், எந்த ஓர் உருளையும் 75 விழுக்காட்டுக்கும் கீழே போகக்கூடாது என்கிறது. தரநிலைகள் இவ்வளவு தெளிவாக எண்ணிச் சொல்லியிருக்கும்போது, கட்டண அட்டவணையும் எண்ணிச் சொல்ல முடியும்.

அரசுக்கு இது புதிய வேலையும் இல்லை. பொதுப்பணித் துறை விலைப் பட்டியல் வெளியிடுகிறது. கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, கம்பி கட்டும் கூலி, ஒரு கன மீட்டர் காங்கிரீட்டின் விலை என்று வரிவரியாக அதில் இருக்கிறது. கட்டடத்தை எழுப்ப ஆகும் ஒவ்வொரு கூலியையும் கணக்கிடத் தெரிந்த அரசால், எழுப்பிய கட்டடத்தைப் பார்த்துச் சொல்லும் கூலியையும் கணக்கிட முடியும். பட்டியலில் சில வரிகள் கூடுதலாகச் சேர வேண்டும், அவ்வளவே.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கிறேன். எண்கள் என் யோசனை. உங்கள் பொறியாளர்கள் திருத்தலாம். ஸ்டில்ட்டும் மூன்று மாடியும் பன்னிரண்டு வீடுகளும் உள்ள கட்டடம். பழைய வரைபடம், அனுமதி, மராமத்து விவரம் படிக்க அரை நாள். ஸ்டில்ட், படிக்கட்டு, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டிகள், வெளிச்சுவர், சன்ஷேடுகள் பார்க்க ஒரு நாள். வீட்டுக்கு அரை மணி வீதம் பன்னிரண்டு வீடுகளுக்குள்ளும் சென்று பார்க்க ஒரு நாள். அறிக்கை எழுத ஒரு நாள். குடியிருப்போர் கூட்டத்தில் வந்து அறிக்கையை விளக்க அரை நாள். மொத்தம் நான்கு நாள். கட்டமைப்புப் பொறியாளருக்கு நாளொன்றுக்கு 8,000 ரூபாய் என்றால் 32,000. உடன் வரும் இளநிலைப் பொறியாளருக்கு இரண்டு நாளுக்கு 6,000. பயணம், ஏணி, கருவித் தேய்மானத்துக்கு 2,000. ஆக 40,000 ரூபாய். ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு சேர்த்தால் 47,200.

பன்னிரண்டு வீட்டுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு 3,933 ரூபாய். பத்து ஆண்டுக்கு ஒருமுறை என்றால் வீட்டுக்கு மாதம் 33 ரூபாய். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்றாலும் 66 ரூபாய். எந்தச் சங்கத்திலும் மெயின்டனன்ஸ் தொகையில் இது கண்ணுக்கே தெரியாது. பணம் கட்ட மாட்டார்கள் என்பது உண்மையான தடை இல்லை. எவ்வளவு கட்ட வேண்டும், எதற்குக் கட்டுகிறோம், அது நியாயமா என்று தெரியாததுதான் தடை. அதை உங்கள் ஓர் அரசாணை நீக்கும்.

யார் எவ்வளவு தருவது என்பதிலும் சண்டை வரும். நிலத்தில் உள்ள பிரிக்கப்படாத பங்கின்படி என்று சிறிய வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். வீட்டுக்குச் சமமாக என்று பெரிய வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். தரைத்தளத்தில் இருப்பவர் ‘மொட்டைமாடி ஒழுகினால் எனக்கென்ன’ என்பார். தூண் எல்லோரையும் தாங்குகிறது, ஆகவே முதற்கட்டக் கட்டணம் வீட்டுக்குச் சமம் என்பது என் கருத்து. இரண்டாம் கட்டச் சோதனையும் மராமத்தும் சங்கத்தின் துணைவிதிப்படி நடக்கட்டும். எதுவானாலும் அரசாணையில் ஒரு வரியில் எழுதிவிட்டால், ஆயிரக்கணக்கான கூட்டங்களில் நடக்கும் ஒரே சண்டை நின்றுபோகும். உள்ளே வந்து பார்க்க விடாமல் கதவைப் பூட்டி வைப்பவர்களுக்கும், வெளிநாட்டில் இருந்துகொண்டு சாவி தராதவர்களுக்கும் என்ன செய்வது என்பதையும் அதிலேயே சொல்ல வேண்டும். மறுவருகைக்கு ஆகும் கட்டணத்தை அந்த வீட்டுக்காரரே தனியாகத் தரட்டும்.

மற்ற ஊர்களின் அனுபவம் நமக்கு இரண்டு பக்கமும் பாடம் சொல்கிறது. மும்பையில் மாநகராட்சிச் சட்டத்தின் 353-பி பிரிவு, முப்பது ஆண்டு கடந்த கட்டடங்களுக்கு உறுதித்தன்மை ஆய்வைக் கட்டாயமாக்கியது. மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதி, 15 முதல் 30 வயதுக் கட்டடங்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று கால அளவு சொல்கிறது. சிங்கப்பூரில் 1986-இல் ஹோட்டல் நியூ வேர்ல்டு இடிந்து 33 பேர் இறந்த பிறகு ஒழுங்கான கால இடைவெளி ஆய்வு சட்டமானது. குடியிருப்புகளுக்குப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை. முதலில் கண்ணாய்வு, தேவைப்பட்டால் முழு ஆய்வு. அந்தக் கட்டடத்தில் தொழில்முறை நலனோ பணநலனோ உள்ள பொறியாளர் அதை ஆய்வு செய்யக்கூடாது என்பது அங்கே விதி.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2021 ஜூன் 24 அன்று சர்ஃப்சைடு என்ற கடற்கரை ஊரில் 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி நள்ளிரவில் சரிந்து 98 பேர் இறந்தார்கள். மூன்று ஆண்டுக்கு முன்பே ஒரு பொறியாளர் நீச்சல் குளத் தளத்தின் காங்கிரீட் சிதைவை அறிக்கையாக எழுதிக் கொடுத்திருந்தார். பழுது பார்க்க யார் எவ்வளவு தருவது என்ற வாதத்தில் காலம் ஓடியது. அடுத்த ஆண்டே அந்த மாநிலம், மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள கூட்டுரிமைக் குடியிருப்புகளுக்கு முப்பதாம் வயதில் கட்டாய ஆய்வு, பிறகு பத்து ஆண்டுக்கு ஒருமுறை என்று சட்டம் செய்தது.

நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது ஹாங்காங்கை. அங்கே 2012 முதல், முப்பது ஆண்டு கடந்த கட்டடங்களுக்குக் கட்டாய ஆய்வு உண்டு. முதல் ஆய்வுக் கட்டணத்துக்கு மானியமும் உண்டு. ஆனாலும் அடிமாட்டு விலைக்கு ஆய்வு ஆலோசகராக உள்ளே நுழைந்து, பிறகு மராமத்து ஒப்பந்ததாரரோடு சேர்ந்துகொண்டு மதிப்பீட்டை ஊதிப் பெருக்கும் மோசடி அங்கே பெரிய சமூகப் பிரச்சினையாக வளர்ந்தது. ஆய்வைக் கட்டாயமாக்கிவிட்டுக் கட்டணத்தைக் கவனிக்காமல் விட்டால் எது நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதனால்தான் உச்சவரம்பு மட்டும் போதாது, கீழ்வரம்பும் வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். கீழ்வரம்புக்குக் குறைவாக வாங்கினாலோ, இலவசமாகச் செய்தாலோ அந்த அறிக்கை செல்லாது என்று விதி சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்குக் கூடுதல் அவசரம் ஒன்று இருக்கிறது. 2022-இல் இயற்றப்பட்டு 2024-இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வழி செய்திருக்கிறது. நல்ல சட்டம், தேவையான சட்டம். ஆனால் அதன்பிறகு ‘கட்டடம் பாழாகிவிட்டது’ என்று சொல்லும் அறிக்கைக்குப் பெரிய விலை வந்துவிட்டது. மறுகட்டுமானத்துக்குக் கண்வைத்த ஒரு நிறுவனமே ஆய்வுச் செலவை ஏற்றுக்கொண்டால், அந்த அறிக்கை எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிக்க அதிக நேரம் பிடிக்காது. இசையாத மூன்றில் ஒரு பங்கினரில் ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் இருப்பார்கள். ஈராண்டு வாடகை வீட்டுக்குப் போய்த் திரும்பி வர வயதும் உடலும் இடம் கொடுக்காதவர்கள் அவர்கள். அவர்களுக்கும் நம்பிக்கை தரும் அறிக்கையாக அது இருக்க வேண்டுமானால், கட்டணத்தை உரிமையாளர்களைத் தவிர வேறு யாரும் செலுத்தக் கூடாது.

எதிர்ப்புகள் வரும் என்பதை அறிவேன். பொறியாளர்கள் சிலர், தொழில்முறைக் கட்டணத்தில் அரசு தலையிடலாமா என்று கேட்பார்கள். கீழ்வரம்பு அவர்களுக்குத்தான் முதல் பாதுகாப்பு. வாசலில் நின்று கையெழுத்துப் போடுபவரோடு, நான்கு நாள் ஏறி இறங்கிப் பார்ப்பவர் விலையில் போட்டியிட வேண்டிய நிலை இன்று இருக்கிறது. அது நல்ல பொறியாளரைத் தொழிலைவிட்டே துரத்தும். வீட்டுக்காரர்கள் சிலர், இன்னொரு வரியா என்பார்கள். ஜி.எஸ்.டி. நீங்கலாக, இது அரசுக் கருவூலத்துக்குப் போகும் பணம் இல்லை. பார்த்துச் சொல்பவருக்குப் போகும் கூலி. இன்ஸ்பெக்டர் ராஜ்யம் திரும்பும் என்ற அச்சம் நியாயமானது. அதற்காகவே ஆய்வை அதிகாரியின் கையில் கொடுக்காமல், ஏற்கெனவே ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்கீழ்ப் பதிவு செய்துள்ள கட்டமைப்புப் பொறியாளர்களின் கையிலேயே விடச் சொல்கிறேன். அரசு செய்ய வேண்டியது கட்டணத்தையும் படிவத்தையும் வெளியிடுவதும், நூற்றில் சிலவற்றை மறுஆய்வு செய்து சரிபார்ப்பதும்தான்.

வாரியக் குடியிருப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பழைய திட்டப்பகுதிகளில் குடியிருப்பவர்களிடம் மாதம் 33 ரூபாய்கூடக் கேட்பது முறையாகாது. பலர் தினக்கூலிக்குப் போகிறவர்கள். கட்டியது அரசு, கட்டடத்தின் தரத்துக்குப் பொறுப்பும் அரசு. அங்கே ஆய்வுக் கட்டணத்தை வாரியமே ஏற்க வேண்டும். ஆனால் அட்டவணையும் படிவமும் கால இடைவெளியும் பெசன்ட் நகர் ஃபிளாட்டுக்கும் திருவொற்றியூர் பிளாக்குக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஏழையின் கூரைக்குக் குறைந்த நேரம், குறைந்த சோதனை என்ற நிலை வரக்கூடாது. அறிக்கை தமிழில், அந்தப் பிளாக்கின் படிக்கட்டுச் சுவரிலேயே ஒட்டப்பட வேண்டும்.

ஆகவே, செயலாளர் அவர்களே, உங்கள் துறையிடம் கேட்பவை இவை.

முதலாவது, மூன்று வீடுகளுக்கு மேல் உள்ள குடியிருப்புக் கட்டடங்களின் உறுதித்தன்மை ஆய்வுக்கு இருகட்டக் கட்டண அட்டவணை ஒன்றைக் கீழ்வரம்போடும் மேல்வரம்போடும் வெளியிட வேண்டும். அடிப்படைத் தொகை, தளத்துக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு, சோதனைப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று அது பிரிந்திருக்க வேண்டும். பொதுப்பணித் துறை விலைப் பட்டியலோடு அதுவும் காலந்தோறும் திருத்தப்பட வேண்டும்.

இரண்டாவது, அந்தக் கட்டணத்துக்குப் பொறியாளர் செலவிட வேண்டிய குறைந்தபட்ச நேரத்தையும் பார்க்க வேண்டிய இடங்களையும் படிவத்திலேயே அச்சிட வேண்டும். எந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை, ஏன் முடியவில்லை என்பதையும் அவர் எழுத வேண்டும்.

மூன்றாவது, ஆய்வு செய்தவரோ அவரைச் சார்ந்த நிறுவனமோ குறிப்பிட்ட காலம்வரை அந்தக் கட்டடத்தில் மராமத்தோ மறுகட்டுமானமோ செய்யக் கூடாது.

நான்காவது, சங்கம் கட்டணத்தை முன்கூட்டியே இணையதளம் வழியாகச் செலுத்தட்டும். அறிக்கை பதிவேற்றப்பட்டதும், முடிவு எதுவாக இருந்தாலும், அது பொறியாளருக்குப் போய்ச் சேரட்டும். முடிவு பிடிக்கவில்லை என்பதற்காகக் கூலியை நிறுத்தி வைக்கும் வழக்கம் அத்தோடு ஒழியும்.

ஐந்தாவது, அறிக்கை உரிமையாளர், வாடகைதாரர் அனைவருக்கும் கிடைக்க வேண்டும். வீடு விற்பனைக்கு வரும்போது வாங்குபவர் சிறு தொகை செலுத்திப் பிரதி பெற வழி இருக்க வேண்டும்.

குடியிருப்போர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த பொதுக்குழுவில் வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபாய் ஆய்வு நிதி என்று ஒரு தீர்மானம் போடுங்கள். மராமத்து வேலை கேட்காத பொறியாளரை மட்டும் அழையுங்கள். எத்தனை நாள் பார்ப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள், எவ்வளவு என்று பிறகு கேளுங்கள்.

செயலாளர் அவர்களே, இதற்குப் புதிய சட்டமோ புதிய வாரியமோ பெரிய நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. பதிவு பெற்ற பொறியாளர்கள் இருக்கிறார்கள், தரநிலைகள் இருக்கின்றன, விலைப் பட்டியல் போடும் பழக்கம் இருக்கிறது, பணம் கொடுக்கச் சங்கங்கள் இருக்கின்றன. இவற்றை இணைக்கும் கட்டண அட்டவணை ஒன்றுதான் இல்லை. அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அதை வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையின் ஓர் அடுக்ககவாசி